பிளாட்ஃபார்முக்கு ஹெலிகாப்டர் பயணம்: கடலில் இறங்க நேர்ந்தால் எது காப்பாற்றும், எது கொல்லும்?

உப்புக்காற்று:

வணக்கம். மும்பை ஹையில் (அரபிக்கடல் எண்ணெய் வயல்) ஒரு பிராசஸ் பிளாட்ஃபார்மில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. 14 நாள் கடலில், 14 நாள் கரையில். போக வர ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டர்தான். அதற்கு முன்னால் ஹியூட் பயிற்சி (தண்ணீருக்குள் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வரும் பயிற்சி) முடிக்க வேண்டும்.

2022 ஜூன் 28 அன்று சாகர் கிரண் ரிக்குக்குப் பக்கத்தில் பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் எஸ்-76டி ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. பகல் நேரம், மிதவைகள் உண்டு, ரிக்கும் பக்கத்தில், தண்ணீரும் குளிர்ந்த தண்ணீர் இல்லை. அப்படியும் 9 பேரில் 4 பேர் இறந்துவிட்டார்கள். அதற்கு முன் 2018 ஜனவரி 13 அன்று ஜூஹுவிலிருந்து கிளம்பிய டாஃபின் ஹெலிகாப்டர் விழுந்ததில் 7 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

மிதவை இருந்தும் ஏன் சாகிறார்கள்? விழுவதற்கு உண்மையான காரணம் என்ன, இன்ஜினா, பைலட்டா, வானிலையா? எந்த இருக்கையில் உட்கார்வது நல்லது? லைஃப் ஜாக்கெட்டை உள்ளே ஊதக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், காரணத்தை யாரும் சொல்வதில்லை. நீச்சல் சுமாராகத்தான் வரும். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.


பயிற்சிக்குளம்:

தம்பி, முதலில் விபத்துகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு இழந்து வேகமாகக் கடலில் மோதுவது ஒன்று. அங்கே பயணி செய்யக்கூடியது எதுவும் இல்லை. பைலட் கையில் கட்டுப்பாடு இருக்கும்போதே, அல்லது குறைந்த வேகத்தில், தண்ணீரைத் தொடுவது மற்றொன்று. இதில் மோதலில் இறப்பவர்கள் குறைவு. ஹெலிகாப்டர் கவிழ்ந்து, உள்ளே தண்ணீர் நிரம்பி, வெளியேற முடியாமல் மூழ்கி இறப்பவர்கள்தான் அதிகம். ஹியூட் பயிற்சி இந்த இரண்டாவது வகைக்கானது.

மிதவை இருந்தும் ஏன் என்று கேட்டீர்கள். இன்ஜின்கள், பிரதான கியர்பாக்ஸ், ரோட்டார் தலை எல்லாமே கூரைக்கு மேல் இருக்கின்றன. எடையின் பெரும்பகுதி உச்சியில். மிதவைகள் கட்டியிருப்பதோ அடிப்பகுதியில். தண்ணீர் சலனமில்லாமல் இருந்தால் நிமிர்ந்து மிதக்கும். ஒரு அலை பக்கவாட்டில் அடித்தாலோ, ஒரு பக்க மிதவை கிழிந்தாலோ, விரியாமல் போனாலோ, சில விநாடிகளில் தலைகீழாகிவிடும். அப்போதும் மிதவை தன் வேலையைச் செய்கிறது: ஹெலிகாப்டரை ஆழத்துக்குப் போகவிடாமல் மேலே பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் கேபின் முழுக்கத் தண்ணீருக்குள், நீங்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. ஆக, மிதவை உங்களுக்கு நேரம் வாங்கித் தரும், கதவைத் திறந்து விடாது.

இன்னொன்று. மிதவைக்கு அலைத் தர எல்லை உண்டு. கடல் நிலை 4 என்றால் அலை 1.25 முதல் 2.5 மீட்டர், நிலை 6 என்றால் 4 முதல் 6 மீட்டர். 4க்குச் சான்று பெற்ற மிதவையோடு பருவமழைக் கடலில் இறங்கினால் நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. உங்கள் ஹெலிகாப்டரின் மிதவை எந்த நிலைக்குச் சான்று பெற்றது, தண்ணீர் பட்டதும் தானாக விரியுமா அல்லது பைலட் பொத்தானை அழுத்த வேண்டுமா, இரண்டையும் பயணத்துக்கு முந்தைய விளக்கத்தில் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது செய்முறை. "பிரேஸ், பிரேஸ்" (மோதலுக்குத் தயாராகுங்கள்) என்று குரல் வந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிக் கீழே போடுங்கள். அதன் ஒயர் கழுத்தில் சுற்றிக்கொள்வது பயிற்சியிலேயே நடக்கிற விஷயம். பெல்ட்டை இறுக்குங்கள். சுவாசக் கருவி தந்திருந்தால் கையில் எடுங்கள். ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தக் கையால் ஜன்னல் சட்டத்தையோ, அதற்கு நேரான ஒரு நிலையான பிடியையோ பிடியுங்கள். இந்தக் கையை வெளியே வரும் வரை எடுக்கவே கூடாது. கவிழ்ந்த பிறகு மேல் எது, கீழ் எது, இடம் எது என்று மூளைக்குத் தெரியாது. மூக்கில் தண்ணீர், கண்ணில் எரிபொருள், சுற்றிலும் குமிழி, இருட்டு. அந்தக் கை ஒன்றுதான் வழி சொல்லும்.

கவிழ்ந்து அசைவு நிற்கும் வரை பெல்ட்டை அவிழ்க்காதீர்கள். பலர் உயிரை விடுவது இந்த இடத்தில்தான். முன்கூட்டியே அவிழ்த்தால் தண்ணீரின் வேகம் உங்களைக் கேபினின் மறுமூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தவிர, ஜன்னலைத் தள்ளுவதற்கு உடல் ஒரு இடத்தில் ஊன்றி இருக்க வேண்டும். பெல்ட் இல்லாமல் மிதந்துகொண்டு தள்ளினால் ஜன்னல் நகராது, நீங்கள்தான் பின்னால் போவீர்கள். அதனால் வரிசை இப்படி: அசைவு நின்றதா, ஜன்னலைத் தள்ளு, சட்டத்தைப் பிடி, பெல்ட்டை அவிழ், கையால் இழுத்து வெளியேறு. காலால் உதைக்க வேண்டாம், பின்னால் வருகிறவர் முகத்தில் படும்.

ஜன்னல் வகைக்கு வகை வேறுபடும். சிலவற்றில் ஒரு பட்டையை இழுத்து ரப்பரை முதலில் உருவ வேண்டும், சிலவற்றில் மூலையில் உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாலே போதும். நடுவில் தள்ளினால் தகடு வளைந்து கொடுக்கும், விடாது. மூலைதான். பெல்ட் பக்கிளும் அப்படியே: வட்டப் பக்கிள் என்றால் திருக வேண்டும், தட்டையான பக்கிள் என்றால் மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் கை காரில் பழகிய இடத்துக்கு, இடுப்போரம் போய் பொத்தானைத் தேடும். அங்கே எதுவும் இருக்காது. உட்கார்ந்த உடனே கண்ணை மூடிக்கொண்டு பக்கிளை மூன்று முறை தொட்டுக் கண்டுபிடியுங்கள், ஜன்னல் மூலையையும் அதேபோல.

லைஃப் ஜாக்கெட்: சாதாரண 150 நியூட்டன் ஜாக்கெட் ஊதியதும் சுமார் 15 கிலோ விசையில் மேலே தள்ளும். கவிழ்ந்த கேபினில் 'மேலே' என்பது தரைப்பகுதி. ஜன்னலோ அதைவிடக் கீழே இருக்கிறது. 15 கிலோவை எதிர்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முங்கி வெளியேற வேண்டும், அது ஆகாத காரியம். போதாததற்கு ஊதிய ஜாக்கெட் ஜன்னல் அகலத்தில் நுழையாது. 1996ல் கொமோரோஸ் கடற்கரையோரம் இறங்கிய எத்தியோப்பியன் விமானத்தில் பலர் இப்படித்தான் இறந்தார்கள். தண்ணீர் பட்டதும் தானாக ஊதும் கப்பல் வகை ஜாக்கெட்டை ஹெலிகாப்டரில் அணியவே கூடாது. கையால் இழுத்து ஊதும் வகைதானா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இருக்கை: தள்ளித் திறக்கும் ஜன்னலை ஒட்டிய இருக்கை. நடு இருக்கை என்றால் பக்கத்தில் இருப்பவர் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும், அவர் மயங்கிவிட்டால் அவரைத் தாண்டிப் போக வேண்டும். பிரிட்டிஷ் விமான ஒழுங்குமுறை ஆணையம் 2014ல், வடகடலில் அவசர ஜன்னலை ஒட்டாத இருக்கையில் பயணி உட்காரக் கூடாது என்றே உத்தரவு போட்டது. கூடுதல் மிதவையோ தரமான சுவாசக் கருவியோ இருந்தால்தான் விலக்கு. தோள் அகலம் 22 அங்குலத்துக்கு மேல் இருப்பவர்கள் பெரிய ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்ற விதியும் அதே நடவடிக்கையில் வந்தது. நம் பக்கம் இருக்கை ஒதுக்கீட்டை இந்த அளவுக்கு யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும்.


பல்சக்கரம்:

விழுவதற்கான காரணத்தை நான் சொல்கிறேன். இன்ஜின் நின்று விழுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இன்ஜின் இரண்டு இருக்கிறது, ஒன்று நின்றாலும் மற்றொன்றில் போகலாம். பிரதான கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மாற்று கிடையாது.

சூப்பர் பூமா ஹெலிகாப்டர் குடும்பத்தில் டர்பைன் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ரோட்டார் சுற்றுவதோ சுமார் 265. இவ்வளவு குறைப்பையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் செய்கின்றன. அதோடு ஹெலிகாப்டரின் முழு எடையும் ரோட்டார் தண்டு வழியாக அதே பெட்டியில்தான் தொங்குகிறது. உள்ளே ஒரு பிளானட் கியர் (நடுச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் சிறு பல்சக்கரம்) பிளந்தால் ரோட்டாரே கழன்று போகலாம். இரண்டு முறை போயிருக்கிறது.

2009 ஏப்ரல் 1, ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே ஏ.எஸ்.332 எல்2 விழுந்து 16 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, கியர்பாக்ஸின் சிப் டிடெக்டரில் (ஆயிலில் வரும் உலோகத் துணுக்கைப் பிடிக்கும் கருவி) ஒரு உலோகத் துணுக்கு கிடைத்தது. பராமரிப்பாளர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே தகவல் பரிமாற்றத்தில் குழப்பம். பிளானட் கியர்கள் இருக்கும் எபிசைக்ளிக் பகுதியைத் திறந்து உள்ளே இருந்த காந்தங்களைப் பார்க்கவில்லை. துணுக்குகள் கீழே இருக்கும் டிடெக்டருக்குப் போகாமல் அந்த உள்காந்தங்களிலேயே ஒட்டிக்கொள்ளும் அமைப்பு. எச்சரிக்கை செய்ய வேண்டிய சாட்சியம் பெட்டிக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தது. பிறகு எல்லா ஹெலிகாப்டர்களிலும் அந்தக் காந்தங்களை எடுத்துவிட்டார்கள்.

2016 ஏப்ரல் 29, நார்வேயில் டுரோய் தீவருகே ஈ.சி.225, குல்ஃபாக்ஸ் பி-யிலிருந்து பெர்கனுக்குத் திரும்பும்போது விழுந்து 13 பேர் இறந்தார்கள். அதே இரண்டாம் கட்ட பிளானட் கியர், அதே உலோகக் களைப்பு. மேற்பரப்பில் ஒரு நுண்ணிய குழியில் தொடங்கிய விரிசல், பெரிதாகத் துணுக்கு உதிராமலே உள்ளுக்குள் வளர்ந்தது. சிப் டிடெக்டரும் சொல்லவில்லை, ஹம்ஸ் என்கிற அதிர்வுக் கண்காணிப்பும் சொல்லவில்லை. பராமரித்தவர்கள் பக்கம் பிழை எதுவும் இல்லை. இங்கே குறை வடிவமைப்பிலும், அதற்குச் சான்று கொடுத்த முறையிலும்தான். நார்வேயும் பிரிட்டனும் தடை போட்டன. 2017ல் தடையை எடுத்த பிறகும் அந்த ரகம் வடகடல் எண்ணெய் வேலைக்குத் திரும்பவில்லை. தொழிலாளர்கள் ஏற மறுத்ததும் ஒரு காரணம். அந்த மறுப்பு சரியானது என்பதே என் கருத்து.

ஆயில் இல்லாமல் போவது இன்னொரு வகை. 2009 மார்ச் 12, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கூகர் நிறுவனத்தின் எஸ்-92ஏ. கியர்பாக்ஸ் ஆயில் ஃபில்டர் கிண்ணத்தைப் பிடித்திருந்த மூன்று டைட்டேனியம் ஸ்டட்களில் (மரையுள்ள தண்டுகள்) இரண்டு உடைந்து ஆயில் முழுக்க வெளியேறியது. டைட்டேனியம் மரையில் கழற்றி மாட்டும்போது உராய்ந்து கடித்துக்கொள்ளும் குணம் உண்டு, அங்கிருந்து விரிசல் தொடங்கும். 2008ல் ஆஸ்திரேலியாவில் இதே கோளாறு நடந்து, எஃகு ஸ்டட்டாக மாற்றச் சொல்லி அறிவிப்பும் வந்துவிட்டது. மாற்ற 1 வருடம் அல்லது 1,250 மணி நேரம் அவகாசம். அந்த ஹெலிகாப்டரில் இன்னும் மாற்றவில்லை. ஆயில் இல்லாமல் 30 நிமிடம் ஓடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. உண்மையில் அந்தச் சோதனையில் அது தேறவே இல்லை. ஆயில் இழப்பு மிக மிக அரிது என்ற விதிவிலக்கில் சான்று வாங்கியிருந்தார்கள். 18 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார்.

எல்லாமே மரணத்தில் முடிவதில்லை என்பதற்கு 2012ஐப் பாருங்கள். மே மாதமும் அக்டோபர் மாதமும் இரண்டு ஈ.சி.225 வடகடலில் இறங்கின. பெவல் கியர் தண்டில் விரிசல், ஆயில் பம்புகள் நின்றன. அவசர மசகு அமைப்பை இயக்கினார்கள். அது வேலை செய்துகொண்டிருந்தும், அழுத்த ஸ்விட்சின் அளவுக் குளறுபடியால் "பழுது" என்ற விளக்கு எரிந்தது. உடனே இறங்கு என்பது விதி, இறங்கினார்கள். முதலில் 14 பேர், அடுத்ததில் 19 பேர், எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள். கட்டுப்பாட்டோடு இறங்கியதும், ஹெலிகாப்டர் கவிழாமல் நின்றதும்தான் வேறுபாடு.

ஹம்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1986ல் ஸ்காட்லாந்தின் சம்பர்க் அருகே சினூக் விழுந்து 45 பேர் இறந்த பிறகு வந்த தொழில்நுட்பம் அது, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதைப் படிக்க ஆள் வேண்டும். 2016 டிசம்பர் 28, வடகடலின் வெஸ்ட் ஃபிராங்ளின் தளத்தில் எஸ்-92 இறங்கும்போது வால் ரோட்டார் கட்டுப்பாடு போய் ஹெலிடெக் (ஹெலிகாப்டர் இறங்கும் மேடை) மேலேயே சுழன்றது. பேரிங் கெட்டுப்போன அறிகுறி முந்தைய நாள் தரவிலேயே இருந்தது, பார்த்தவர் கண்ணில் படவில்லை. யாருக்கும் காயமில்லை. அது தளத்தில் இறங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கடல் மேல் நடந்திருந்தால் கதை வேறு.


உப்புக்காற்று:

நன்றி அண்ணா, நன்றி சார். ஒரு சந்தேகம். கியர்பாக்ஸ் காரணம் என்றால் அது நம் கையில் இல்லை. பைலட் தவறு, வானிலை இதெல்லாம் எந்த அளவுக்கு? அப்புறம் ஹெலிடெக்கில் ஏறி இறங்கும்போது என்ன ஆபத்து? அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.


பல்சக்கரம்:

பைலட் பக்கம் நிறையவே இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 23, சம்பர்க் விமான நிலையத்துக்கு மேகத்துக்குள் இறங்கி வந்த சூப்பர் பூமா. ஆட்டோபைலட் இறங்கு வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்னோக்கிய வேகத்தை அது பார்க்கவில்லை, அது பைலட் பார்க்க வேண்டிய வேலை. வேகம் குறைந்துகொண்டே போனதை இருவரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது உயரம் போதவில்லை. கடலில் விழுந்து உடனே கவிழ்ந்தது. 18 பேரில் 4 பேர் இறந்தார்கள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

இரவுப் பறப்பு இன்னும் மோசம். கடல் மேல் இரவில் அடிவானமே இல்லை. ரிக் விளக்குகள் ஒரு புள்ளிக் கொத்து, மற்றதெல்லாம் கறுப்பு. தூரமும் உயரமும் கண்ணுக்குப் பிடிபடாது. 2015 நவம்பர் 4 அன்று மும்பை ஹையில் இரவு இறங்கும் பயிற்சியில் இருந்த டாஃபின் விழுந்து இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். கூகர் விபத்துக்குப் பிறகு நியூஃபவுண்ட்லாந்தில் பயணி ஏற்றும் இரவுப் பறப்பையே நிறுத்திவிட்டார்கள்.

பறவையும் உண்டு. 2009 ஜனவரி 4, லூசியானா. ஒரு பருந்து எஸ்-76இன் முன்கண்ணாடிக்கு மேற்பகுதியில் மோதியது. அந்த அதிர்ச்சியில் மேலே இருந்த இன்ஜின் கட்டுப்பாட்டு லீவர்கள் பின்னால் நகர்ந்து இரண்டு இன்ஜினும் சக்தி இழந்தன. 9 பேரில் 8 பேர் இறந்தார்கள். தொழிற்சாலையில் வந்த அடுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக எடை குறைந்த அக்ரிலிக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள்.


ஹெலிடெக் பச்சைவிளக்கு:

ஹெலிடெக் விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுகிற ரோட்டாருக்குக் கீழே ஏறி இறங்குவதுதான் இங்கே வழக்கம். இன்ஜினை நிறுத்த மாட்டார்கள். எனவே பழக்கத்தில் அலட்சியம் வந்துவிடுகிறது.

படிக்கட்டின் உச்சியில், தளத்துக்குக் கீழே தலை இருக்கும்படி காத்திருங்கள். ஹெலிடெக் அதிகாரி கை காட்டினால்தான் மேலே வர வேண்டும். பைலட் கட்டைவிரல் காட்டியதை அதிகாரி உறுதி செய்துகொண்ட பிறகே உங்களுக்குக் கை காட்டுவார். ஹெலிகாப்டரின் பக்கவாட்டிலிருந்து, பைலட் கண்ணில் படும்படி போங்கள். வால் பக்கம் எக்காரணம் கொண்டும் கூடாது. சுழலும் வால் ரோட்டார் கண்ணுக்குத் தெரியாது. டாஃபினில் அது கூட்டுக்குள் இருக்கிறது என்று தைரியம் கொள்ளாதீர்கள், அடுத்த முறை வருவது எஸ்-76ஆக இருக்கலாம். நேர் முன்பக்கமும் வேண்டாம், பல ரகங்களில் பிரதான ரோட்டாரின் நுனி முன்னால் தாழ்ந்து வரும். காற்று பலமாக இருக்கும்போது ரோட்டார் வேகம் எடுக்கும்போதோ குறையும்போதோ நுனிகள் எதிர்பாராமல் தொய்யும். அந்த நேரத்தில் யாரும் வட்டத்துக்குள் இருக்கக் கூடாது.

தொப்பி, கழுத்துத் துண்டு, கையில் காகிதம், பிளாஸ்டிக் பை எதுவும் கூடாது. பறந்து போனதைத் துரத்தி ஓடவே கூடாது. நீளமான பொருளை, உதாரணமாகக் குழாய்த் துண்டை, இடுப்புக்குக் கீழே கிடைமட்டமாக இரண்டு பேர் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். பயணப் பையைக் கேபினுக்குள் கொண்டு போகாதீர்கள். கவிழ்ந்தால் அதே பை வழியை அடைக்கும்.

பயணிக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து, தளத்தின் சூடான காற்று. டர்பைன் புகைபோக்கி, ஃபிளேர் (வாயுவை எரிக்கும் முனை) இவற்றிலிருந்து வரும் வெப்பம் ஹெலிடெக் மேல் அடித்தால் காற்று மெலிந்து ரோட்டார் தூக்கும் சக்தி சட்டென்று குறைகிறது. 3 விநாடி சராசரியில் 2 டிகிரி கூடினாலே பைலட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது வடகடல் வழிகாட்டி. எரியாத வாயு வெளியேறினால் இன்னும் மோசம், இன்ஜின் அதை உறிஞ்சினால் திடீரென்று வேகம் ஏறும். ஆகவே ஹெலிகாப்டர் வரும் நேரத்தில் பிராசஸ் ஆட்கள் வென்ட் (வாயுவை வெளியே விடும் குழாய்) திறக்கவே கூடாது. தம்பி இன்ஸ்ட்ருமென்ட் ஆள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வால்வு சோதனை, ஷட்டவுன் சோதனை எதுவானாலும் ரேடியோ அறையில் ஹெலிகாப்டர் நேரத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். திட்டமிடாத புளோடவுன் (வாயுவை அவசரமாக வெளியே விடுவது) ஒன்று மேலே வரும் ஹெலிகாப்டரை என்ன செய்யும் என்று உங்கள் கண்ட்ரோல் ரூமில் யாருக்கும் தெரியாது.

தடையில்லாப் பகுதியையும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெலிடெக்கைச் சுற்றி 210 டிகிரிக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. கிரேன் கை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால், கிரேன் ஆபரேட்டரிடம் சொல்லி மடக்கச் செய்யும் வரை இறங்க அனுமதி கிடையாது. மிதக்கும் கப்பல் என்றால் அதன் ஆட்டத்துக்கும் எல்லை உண்டு. 2001 நவம்பரில் வெஸ்ட் நேவியன் என்ற துளையிடும் கப்பல் நிலை தவறித் திரும்பியதில், மேலே நின்ற சூப்பர் பூமா காற்றில் சாய்ந்து கவிழ்ந்தது. ஒரு பைலட்டுக்குப் பலத்த காயம்.


கரையோரன்:

இவ்வளவு ஆபத்து என்றால் படகில் போனால் என்ன? முன்பெல்லாம் படகில் போனவர்கள் இல்லையா?


ஹெலிடெக் பச்சைவிளக்கு:

படகில் போவது பாதுகாப்பு என்பது தோற்றம்தான். மும்பை ஹை கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். படகில் போய்ச் சேர்ந்த பிறகு தளத்தில் ஏற வேண்டும். கிரேனில் தொங்கும் கூடையில் நின்று, அலையில் மேலும் கீழும் போகும் படகுத் தளத்திலிருந்து தூக்கப்பட வேண்டும். கூடை ஊசலாடிக் கட்டமைப்பில் மோதும், அலை படகைத் தூக்கிக் கூடையின் அடியில் அடிக்கும். பருவமழை மாதங்களில் பல நாள் அதுவும் முடியாது. கடலில் தங்குவதே ஆபத்தாகும் நாளும் உண்டு: 2021 மே மாதம் டவ்தே புயலில் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 பார்ஜ் மூழ்கி 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிட வேண்டாம். ஹெலிகாப்டரை விடச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. நல்ல மிதவை, ஜன்னல் இருக்கை, சுவாசக் கருவி, கடல் நிலை எல்லை மீறினால் பறக்காமல் இருப்பது, இவற்றைக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களுக்குப் பல இடங்களில் சுருக்கப் பயிற்சியோடு சரி.


பயிற்சிக்குளம்:

நீச்சல் சுமார் என்றீர்களே, அது பெரிய தடையில்லை. கவிழ்ந்த கேபினில் யாரும் நீந்துவதில்லை, கையால் பிடித்து இழுத்துத்தான் வெளியே வருகிறார்கள். வெளியே வந்ததும் ஜாக்கெட் தூக்கும். தேவைப்படுவது பதறாமல் தண்ணீருக்குள் சில விநாடி இருக்கும் பழக்கம். பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பிருந்து குளத்திலோ கிணற்றிலோ, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பழகுங்கள். மூக்கில் தண்ணீர் ஏறும்போது வரும் திணறல்தான் பலரைத் தோற்கடிக்கிறது. மூக்கு கிளிப் கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு முறையாவது கிளிப் இல்லாமல் செய்து பாருங்கள்.

மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தண்ணீரின் குளிரைப் பொறுத்தது. வடகடல் குளிரில் பலருக்கு 10–20 விநாடிதான். ஆள் நிரம்பிய கேபினிலிருந்து கடைசி ஆள் வெளியே வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் சுவாசக் கருவி. அரபிக்கடல் வெதுவெதுப்பு என்பதால் நமக்கு நேரம் கொஞ்சம் கூடுதல். அதை நம்பிக் கருவி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குளிர் இல்லாத தண்ணீரிலும் நடு இருக்கைக்காரருக்கு ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான்.

கருவியில் இரண்டு வகை. ஒன்று, நீங்கள் விட்ட மூச்சையே பையில் பிடித்துத் திரும்பச் சுவாசிப்பது. மற்றொன்று, சிறிய உருளையில் அழுத்தக் காற்று. உங்களுக்குத் தருவது எது என்று கட்டாயம் கேளுங்கள். 2013 சம்பர்க் விபத்தில் பயணிகளிடம் இருந்தது கலப்பு வகை, அதற்குள் தனியாகக் காற்று இருந்தது. பயணத்துக்கு முன் காட்டிய காணொளியில் அது சொல்லப்படவில்லை. முதலில் மூச்சை உள்ளே ஊதினால்தான் பயன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அழுத்தக் காற்று வகையில் ஒரு எச்சரிக்கை. அதிலிருந்து சுவாசித்துவிட்டு மேலே வரும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாது. ஒன்றிரண்டு மீட்டர் ஆழம்தான் என்றாலும் நுரையீரலில் காற்று விரிந்து கிழிக்கலாம். மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே வாருங்கள். ஆஸ்துமா, சமீபத்திய நெஞ்சுச் சளி, காதுத் தொந்தரவு இருந்தால் பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடமும் பயிற்றுநரிடமும் சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள்.

பயிற்சியில் கவிழ்ப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொன்னால், மூடிய ஜன்னலோடும் ஒரு முறை வேண்டும் என்று கேளுங்கள். மூடிய ஜன்னலைத் தலைகீழாகத் தள்ளிப் பார்க்காமல் வாங்கிய சான்றிதழால் உங்களுக்குப் பயன் குறைவு. நடு இருக்கையிலிருந்தும் ஒரு முறை. சான்றிதழ் 4 வருடம் செல்லும், கை மறப்பது அதற்கு வெகு முன்பே. அதனால்தான் ஒவ்வொரு பயணத்திலும் பக்கிளையும் ஜன்னல் மூலையையும் தொட்டுப் பாருங்கள் என்கிறேன்.

கண்ணாடி போடுகிறவர் என்றால் பிரேஸ் சொன்னதும் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்து மூடுங்கள். காலணிக் கயிற்றை இறுகக் கட்டுங்கள். முழுக்கைப் பருத்தி உடை போதும். ஜூஹுவில் எடை பார்க்கும்போது பையோடு உண்மையான எடையைச் சொல்லுங்கள். எதிர்க்காற்று நாளில் எரிபொருளையும் ஆள் எண்ணிக்கையையும் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

வெளியே வந்த பிறகு: முதலில் ஜாக்கெட்டை ஊதுங்கள், பிறகு படகைத் தேடுங்கள். படகு எட்டவில்லை என்றால் தனியாக நீந்திப் போகாமல் ஒருவர் கையில் ஒருவர் கோர்த்துக் கூட்டமாக நில்லுங்கள். மேலே வரும் மீட்பு ஹெலிகாப்டருக்கோ படகுக்கோ, அலைக்கு நடுவே ஒற்றைத் தலை தெரியாது, ஆறு ஜாக்கெட் சேர்ந்திருந்தால் தெரியும். ஜாக்கெட்டில் இருக்கும் இடங்காட்டியின் ஆன்டெனாவைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்தி வையுங்கள், படுத்துவிட்டால் சிக்னல் போகாது. உங்கள் ஜாக்கெட்டில் அது எந்தப் பக்கம் இருக்கிறது, தானாக இயங்குமா, கையால் இழுக்க வேண்டுமா என்பதை ஏறுவதற்கு முன் ஜாக்கெட் மாட்டும் அறையிலேயே கேட்டுவிடுங்கள்.